விரதக்காரி சாப்பிட்ட சனிக்கிழமை

சாப்பிட்டுக் கை கழுவியதும் என் கால் ரெண்டும் தனியாகக் கிளம்பிவிடும். நான் உட்கார்ந்துதான் இருப்பேன். கால் மட்டும் தையல் மிஷினை மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பிளவுஸ் தைக்கிறவளுக்கு அது பழக்கம்தானே என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் என் மிஷினுக்கு மோட்டார் மாட்டி ரொம்ப நாளாச்சு.

ராஜபாளையத்தில் என் தையல் கடைக்கு அடுத்த கடை ஃபேன்சி ஸ்டோர். அதை நடத்துகிற பாய் வீட்டு அக்காதான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் காவல். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தனியாக இருக்கக் கூடாது, கூட யாராவது இருக்க வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. அக்கா வளையலைத் துடைத்துக்கொண்டே என்னைக் கவனிப்பார்.

"ஏட்டி, நீ உக்காந்திருக்கியா, இல்ல பஸ்ஸுக்கு நிக்கியா?"

"உக்காந்துதான் இருக்கேன்க்கா."

"பஸ்ஸு வராது. சும்மா உக்காரு."

இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் அடிமை. என் படிப்பு பத்தாங்கிளாஸோடு நின்றது. மிச்சத்தையெல்லாம் அளவு கொடுக்க வருகிற பெண்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் படித்தேன். கையைத் தூக்கி நின்றாலே பெண்களுக்குப் பேச்சு வந்துவிடும். "ரெண்டு மாசத்துல இளைச்சிருவேன், பிடிச்சே தைய்யி" என்பாள் ஒருத்தி. "இது என் உடம்பே இல்லம்மா, எவளோ வாடகைக்கு வந்திருக்கா" என்பாள் இன்னொருத்தி. நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் போனதும் டேப் என் இடுப்புக்கு வந்துவிடும்.

என் சீக்கு எப்படியென்றால், நாள் முழுக்கப் பட்டினி கிடப்பேன். ஆள் இல்லாத ஒரு நேரம் பார்த்து, ருசிகூடத் தெரியாமல் அள்ளித் தின்பேன். தின்றதையெல்லாம் வெளியே தள்ளினால்தான் மூச்சே வரும். அந்த வெட்கத்தில் மறுநாள் பட்டினி. பட்டினி கிடந்தால் மறுபடி அதே வெறி. புலிமியா என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. தெருவுக்கு அதில் பட்டினிப் பாதி மட்டும்தான் தெரியும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் விரதம்.

வெள்ளி, சனி, சஷ்டி, ஏகாதசி, கார்த்திகை என்று காலண்டர் எனக்கு நாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. "அவ விரதம்னா பச்சத்தண்ணி பல்லுல படாது" என்று பேர் வாங்கியிருந்தேன். புரட்டாசிச் சனிக்கிழமையில் தெருப் பெண்கள் வேன் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலைக்குப் போவோம். குன்று மேல் பெருமாள் நிற்கிற எங்கள் ஊர்த் திருவண்ணாமலை. முதல் படியில் சூடம் ஏற்ற என்னைத்தான் முன்னால் விடுவார்கள். அது எனக்குப் பிடிக்காமலும் இல்லை.

பல் கூச்சம் என்று போன இடத்தில்தான் குட்டு உடைந்தது. பல் டாக்டர் என் முன்பல்லின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டு, விளக்கைத் தள்ளி வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அடிக்கடி வாந்தி எடுப்பீங்களாம்மா?" அவர் கேட்ட விதத்தில் அழுதுவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பியது அவர்தான்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வாரா வாரம் போய்ப் பேச வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு தடவை ஏதாவது, நேரம் தவறக் கூடாது. "விரதம் மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "பட்டினி கிடந்தா கதவைப் பூட்டிட்டதா நினைக்கிறீங்க. அந்தக் கதவு வழியாத்தான் மத்தது எல்லாம் உள்ள வருது."

அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பால்கோவா வாசம். நிற்க முடியாது. முதல் பஸ்ஸில் ஏறுவேன், கூட்டம் என்று இறங்குவேன், அடுத்த பஸ்ஸில் ஏறி சீட் மாறி மாறி உட்கார்வேன். கண்டக்டர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏம்மா, சீட்டுல முள்ளு கிடக்கா?"

இப்படி இருக்கும்போதுதான் புரட்டாசி வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, அடுத்த தெருவில் இருக்கிறார். வேனுக்கு ஆள் சேர்ப்பது எப்போதும் அவர்தான். கடை வாசலில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை காலையில வேனு. உனக்கு முன்சீட்டு."

"மதினி, இந்த வருசம் நான் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். டாக்டர் சொல்லிருக்காக."

"ஏன், அல்சரா?"

எங்கள் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அதற்கு அல்சர் என்றுதான் பெயர். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மதினி வேனுக்கு அடுத்த ஆளைச் சேர்க்கப் போய்விட்டார்.

பக்கத்துக் கடை அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எங்கள்ல சீக்காளிக்கு நோன்பு கெடையாது. தேறுன பொறவு வச்சுக்கிடலாம்னு விட்டிருக்கு. உங்க பெருமாள் மட்டும் என்ன, பெரம்போடயா நிக்காரு?"

அந்தச் சனிக்கிழமை வேன் அடிவாரத்தில் நின்றபோது என் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. டப்பாவைத் திறந்தேன்.

"விரதக்காரியே இட்லியப் பிச்சாச்சு. இனி நாம யாருக்காகக் காயணும்?" என்று பின்சீட்டில் ஒரு குரல்.

"சட்னி வாசம் மலைக்கு எட்டிருக்கும். பெருமாள் இப்ப எறங்கி வந்துருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே விழுங்கினேன். ஒவ்வொரு விள்ளலும் கல் மாதிரி இறங்கியது. மதினி சூடத்தை வேறொருத்தி கையில் கொடுத்தார். என்னைப் பார்க்காமல் கொடுத்தார்.

பெண்கள் படியேற ஆரம்பித்தார்கள். என் கால் ஆட ஆரம்பித்தது. இங்கே கடை இல்லை, பக்கத்துக் கடை அக்கா இல்லை. வயிற்றுக்குள் கிடப்பது இட்லி என்றே தோன்றவில்லை; யாரோ வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி இருந்தது. இப்போது வெளியே தள்ளிவிட்டால் நாளைக்குப் பட்டினி, அதற்கு மறுநாள் பழைய கதை. தெரிந்தும் கழிப்பறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

"எங்கட்டி போற?" மதினி படியை விட்டு இறங்கிப் பின்னாலேயே வந்திருந்தார்.

"பாத்ரூம் மதினி."

"சும்மாவா, வாந்தியா?"

நின்றுவிட்டேன்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? உன் வீட்டுக்கு வரும்போது எத்தனை தடவ காதுல விழுந்திருக்கு. நீயும் சொல்லல, நானும் கேக்கல. தங்க மாட்டேங்குதேன்னு நானும் வருசா வருசம் வேண்டிக்கிட்டு இந்த மாசம் பூரா ஒருவேளைதான் சாப்பிடுதேன்."

"எது தங்க மாட்டேங்குது?"

"பிள்ளைதான். வேற என்ன?"

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கல்யாணமானவள் வாந்தியெடுத்தால் எங்கள் பக்கம் வேறு எதுவும் தோன்றாது, மசக்கைதான். பிறகு வயிறு தெரியவில்லை என்றால் கலைந்துவிட்டது. மதினியின் மனசில் எனக்கு எத்தனையோ பிள்ளைகள் கலைந்திருந்தன. மாதத்துக்கு ஒருதரம் மதினியிடமிருந்து, இடுப்புக்கு வலுவென்று உளுந்தங்களி ஏன் வந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் களியும் மற்றதெல்லாம் போன வழியில்தான் போயிருந்தது.

மரத்தடியில் உட்கார்ந்து சொன்னேன். "அல்சரும் இல்ல மதினி, பிள்ளையும் இல்ல. சாப்பிட்டத நானேதான் வெளிய எடுக்கேன். அது ஒரு சீக்கு. வைத்தியம் நடக்குது."

மதினி தன் தோளைத் தேய்த்துக்கொண்டார். கோபமா அழுகையா என்று தெரியாத முகம்.

"அந்தக் களியக் கிண்டுனா ரெண்டு நாளைக்குத் தோள்பட்டை தூக்க முடியாது, தெரியுமா ஒனக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்ப இம்புட்டு வருசமா நான் பெருமாள்ட்ட தப்பான மனுல்ல குடுத்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

"இப்ப என்னன்னு கேக்க?"

"இட்லி உள்ளயே கெடக்கணும்னு கேளுங்க."

"இதுக்குப் போயி மலையேறணுமாக்கும். இங்கயே உக்காரு."

நான் எழுந்தேன், சேலையைப் பிடித்து உட்கார வைத்தார். மறுபடி எழுந்தேன். தன் கல்யாணத்தில் நடந்த பந்திச் சண்டையை ஆரம்பித்தார். யார் யார் இலையை விட்டு எழுந்தார்கள், எந்தப் பெரியப்பா பாயசத்துக்காகத் திரும்பி வந்தார் என்று எல்லாம் சொன்னார். அந்த நேரம் தானாகப் போகவில்லை, மதினி பேசியே தள்ளினார். பெண்கள் இறங்கி வந்த பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஏறினோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த வாரமே ஒருநாள் தவறி, பழையபடி வெளியே தள்ளிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மலையிலிருந்து திரும்பும் வழியில், பாட்டும் பேச்சுமாக இருந்த வேனுக்குள் வயிற்றில் என்னவோ அசைந்தது. பழைய வெறி இல்லை அது. எது என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"மதினி, பசிக்குது."

முன்சீட்டுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். மதினி யாரையும் பார்க்காமல், "டிரைவர் தம்பி, கடை எதும் வந்தா ஓரங்கட்டுங்க" என்றார். வேன் நின்றது. நான் வடையைத் தின்று முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நின்றார்.

"வடை செமிக்கிற வரைக்கும் உன் வீட்டுல வந்து உக்காந்துட்டுப் போறேன்" என்றார்.