புஷ்பம் அக்கா வண்டிக்குக் கொடுத்த ஒத்தடம்

“நம் தெரு மக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது. நர்ஸ் புஷ்பம் அக்காவின் வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் இடதுபக்கக் கண்ணாடி, நேற்று மாலை மாட்டுவண்டி உரசியதில் அகால மரணமடைந்தது. அன்னாருக்கு வலதுபக்கக் கண்ணாடி என்ற ஒரே துணை உண்டு. மாலை கொண்டுவருவோர் கூடவே ஒரு போல்ட்டும் நட்டும் கொண்டுவரவும்.”

நம் கையெழுத்துப் பத்திரிகைக்காக நான் எழுதிக்கொண்டிருந்த அறிவிப்பு இது. மை காயவில்லை. அம்மா வாசலில் வந்து நின்றாள். “ஏலே, எழுதுனது போதும். மதுரை ஆஸ்பத்திரியில நம்ம புஷ்பம் எறந்துட்டாளாம்” என்றாள். காமாலைதான், ஒரு வாரத்தில் எழுந்து வந்துவிடுவார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்கு இரங்கல் எழுதினால் இந்த ராஜபாளையத்தில் வாய்விட்டுச் சிரிக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். காகிதத்தை நான் கிழிக்கவில்லை. அதன் கீழேயே இதை எழுதுகிறேன்.

அக்காவை உங்களுக்குத் தெரியும். சோழபுரத்திலிருந்து செண்பகத்தோப்பு வரை அவரிடம் ஊசி போட்டுக்கொண்டு அழாத பிள்ளை கிடையாது. பட்டாளத்தில் இருக்கும் கணவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளில், பின்னால் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். போன வருஷம் அந்த வண்டியின் கழுத்து கெட்டது. ஹேண்டில் பார் நடுவில் வந்ததும் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். பிரேக் போட்டால் முன்சக்கரம் கிடுகிடுவென்று ஆடும். நான் சும்மா இருப்பேனா? ஒரு மருந்துச் சீட்டு எழுதி ஹேண்டிலில் தொங்கவிட்டேன். ‘நோயாளி: மோட்டார் சைக்கிள். நோய்: கழுத்துச் சுளுக்கு. பத்தியம்: வளைவுகளைத் தவிர்க்கவும்.’

மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். “டாக்டர் இருக்காரா? நோயக் கண்டுபிடிச்சவரே ஆபரேஷனுக்கும் வரணும்” என்று என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

விஷயம் விளையாட்டாக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக், ஆண்டாள் தேர் முடிந்த பிறகுதான் வண்டியைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். அக்காவின் கொழுந்தன் அந்தோணி அண்ணன் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டார்.

“மதினி, சொன்னாக் கேளுங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம் செட்டியார்பட்டியில இருந்து ஆள் வருதான். வந்த வெலைக்குத் தள்ளிருவோம். நீங்க பஸ்ஸுல போங்க.”

“செண்பகத்தோப்புக்கு எந்த பஸ்ஸு தம்பி போவுது? அவிய வண்டி இது. திங்கக்கெழம காலையில பிள்ளைகளுக்கு ஊசி. நான் இதுலதான் போவேன்.”

“ஓடுனாப் போங்க. ஓடலைன்னா ஆள வரச்சொல்லிருவேன்.”

“சொல்லு. வந்து வேடிக்க பாத்துட்டுப் போகட்டும்.”

அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் சொன்னார். வண்டியின் கழுத்துக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கிண்ணங்கள். அவற்றில் உருளும் எஃகுக் குண்டுகள்மேல்தான் ஹேண்டில் திரும்புகிறது. மெக்கானிக் பாஷையில் கோன் செட். “கோன்னா அரசன். ராஜபாளையத்துல அரசருக்கு என்னக்கா பஞ்சம்?” என்றேன். “அரசரப் பொறவு பாக்கலாம். முதல்ல ஸ்பேனரை எடுலே” என்றார்.

சனிக்கிழமை எஞ்சினுக்கு அடியில் முக்காலி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினோம். அடியில் பேண்டேஜ் துணியை விரித்தார். ஹேண்டிலை அவிழ்த்து, மேல் நட்டைக் கழற்றியதும் முன்பக்கம் அப்படியே கீழே இறங்கியது. குண்டுகள் துணியில் பொலபொலவென்று உதிர்ந்தன. “பிரசவம் சுகம்” என்றார் அக்கா. பழைய கிண்ணங்களைத் துடைத்துப் பார்த்தோம். குண்டுகள் ஒரே இடத்தில் அமுங்கி அமுங்கிக் குழி விழுந்திருந்தது. ‘டக்’கின் ரகசியம் அதுதான். உள்ளிருந்து கம்பி கொடுத்து, பக்கம் மாற்றிப் பக்கம் தட்டி அவற்றை வெளியே எடுத்தோம்.

அப்புறம் உலகத்தில் எந்த மெக்கானிக்கும் செய்யாத ஒன்றை அக்கா செய்தார். வாங்கிவைத்திருந்த புதுக் குண்டுகளையும் கிண்ணங்களையும் ஊசி கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்தார். “புதுசுன்னாலும் எத்தன கை தொட்டதோ!” அப்படியே வடித்து, சுத்தமான துணியில் மூடிவைத்துவிட்டுப் போனார். காலையில் துணியைத் திறந்தால், கிரீஸ் எல்லாம் போய், குண்டுகளுக்கு அம்மை போட்டதுபோல் துரு.

அந்தோணி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மதினி, வேப்பிலை கட்டுவமா?” எனக்கே சிரிப்பு வந்தது. அக்கா என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்ததால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் வீட்டைத் தேடிப்பிடித்து, அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, இன்னொரு செட் வாங்கிவந்தார். “தப்பு மருந்து குடுத்துட்டோம். அதுக்காக நோயாளிய விட்டுட்டு ஓடவா முடியும்?” என்றார். அவர் சொன்னதில் எனக்கு மனப்பாடமான முதல் வாக்கியம் அது.

புதுக் கிண்ணம் கழுத்துக்குள் இறங்கவில்லை. பலகை வைத்துத் தட்டினால் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. செட்டியார்பட்டி ஆள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். அக்கா வீட்டுக்குள் போய், தடுப்பூசிப் பெட்டியில் வைக்கும் ஐஸ் பைகளில் இரண்டைக் கொண்டுவந்தார். “கிண்ணத்தை இதுக்கு நடுவுல வை. சுருங்கட்டும்” என்றார். கொதிக்கும் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து வண்டியின் கழுத்தைச் சுற்றினார். ஆறினால் மறுபடியும் பிழிந்து சுற்றினார். சாட்சாத் ஒத்தடம்! “இது விரியட்டும்” என்றார். துண்டை எடுத்து ஈரத்தைத் துடைத்து, குளிர்ந்த கிண்ணத்தை வைத்துத் தட்டினோம். சத்தம் மாறியது. கிண்ணம் நேராக உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தோணி அண்ணனின் சிரிப்பும் அத்துடன் உட்கார்ந்தது.

கிரீஸை அப்பிக் குண்டுகளை அடுக்கி, முன்பக்கத்தை மேலே ஏற்றினோம். நட்டை இறுக்கும் வேலை எனக்கு. இத்தனை பாடுபட்ட ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். அக்கா என் மணிக்கட்டில் ஒன்று போட்டார்.

“எம்புட்டு முறுக்குவே? பச்சப்புள்ள கழுத்தப் பிடிக்கது மாதிரி பிடிக்கணும்லே. பிடிச்சும் பிடிக்காம. ஆடவும் கூடாது, தலை தானாத் திரும்பவும் செய்யணும்.”

நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். தூக்கி நின்ற சக்கரத்தை விரலால் தொட்டார். ஹேண்டில் இந்தப் பக்கம் தானாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம் தானாகச் சாய்ந்தது. நடுவில் ‘டக்’ இல்லை. வந்த ஆள் காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா தெருமுனையில் திரும்பியதை நீங்களும் பார்த்தீர்கள்.

இந்த வாரம் அவர் கணவர் வந்தார். அடக்கத்துக்கு மறுநாள் வண்டி அருகே போய் ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தார். கழுத்து மறுபடியும் லேசாக ஆடியது. “ஓட்டுற மாதிரி ஆக்கித் தர முடியுமாப்பா? அவ போன வழியெல்லாம் ஒருக்காப் போயிட்டு வாரேன்” என்று என்னிடம் கேட்டார். இந்தத் தெருவில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தானே! புது செட் வாங்கி, தனியாகவே செய்தேன். ஐஸ், ஒத்தடம், கிரீஸ், எல்லாம் முறைப்படி. கொதிக்கவைக்கவில்லை. அக்காவின் வாரிசு நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ‘பிடிச்சும் பிடிக்காம’ என்ற சொல்தான் என்று இதை முடிக்க நினைத்திருந்தேன். ஆனால் சோதித்துப் பார்க்க வண்டியை எடுத்தவன், சர்ச் வளைவில் திரும்பவில்லை. வண்டி திரும்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரையாவது முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்பிவிடலாம். நான் முறுக்கிய முறுக்கில் அது நேராகப் போய் மணல் குவியலில் ஏறி நின்றது. என்னைத் தூக்கிவிட்டவர் அந்தோணி அண்ணன். சிரிப்பார் என்று பார்த்தேன். ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். “மதினி என்னலே சொன்னாவ? பிடிச்சும்…” என்று ஆரம்பித்தவர், சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிடத் தொடங்கினார்.

ஆகவே அறிவிப்பைத் திருத்திக்கொள்ளவும். அந்தச் சொல்லில் பாதிதான் இப்போது என்னிடம் இருக்கிறது. ‘பிடிக்காம’ இன்னும் கைக்கு வரவில்லை. நட்டைத் தளர்த்திக்கொண்டிருக்கிறேன். வலதுபக்கக் கண்ணாடியும் மணலில் போய்விட்டது.