மாரிக்காக ஒரு கம்பைலர்

நேற்று சாயங்காலம் என் அக்கா பிள்ளை புது லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்குப் பக்கத்தில் சான்பாடாவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தான். திரையில் ஜன்னலும் பொத்தானும் வருகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுத வேண்டுமாம், காலேஜில் சொல்லிவிட்டார்களாம். "சித்தி, இதுக்கு கௌன்ஸா கம்பைலர் டாலூ?" என்று கேட்டான். அவனுக்குத் தமிழ் பாதி வாக்கியத்திலேயே தீர்ந்துவிடும். எதைப் போடுவது என்று நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் அவனே ஒன்றைத் தட்டினான், அது இறங்கியது, "ஹோ கயா", முடிந்தது என்று சொல்லிவிட்டு அடைக்குத் தட்டை நீட்டினான். நான்தான் கல்லிலிருந்த அடையைத் திருப்ப மறந்து கருகவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் ஆகிறது.

போதாததற்கு அவன் கொண்டுவந்த பையில் புதுத் தோல் வாசனை. கூடவே சொல்யூஷன் வாடையும், அதுதான், தோலை ஒட்டுகிற பசை. அது மூக்கில் ஏறினால் நான் தாராவியில் பொன்னையா அண்ணாச்சியின் தோல் பை தைக்கிற பட்டறைக்கு மேலே இருந்த அறைக்குப் போய்விடுவேன். கீழே தையல் மெஷின்கள், மேலே தகரக் கூரைக்கடியில் நானும் இசக்கியும் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியும். மாட்டுங்காவில் வளர்ந்த பாலக்காட்டு வீட்டுப் பெண் தாராவியில் கம்பெனி நடத்துகிறாள் என்று அம்மா கொஞ்ச நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கம்பெனி என்பதே பெரிய வார்த்தைதான். ஒரு நல்ல மெஷின், ஒரு ஓட்டை மெஷின், ஒரு டேபிள் ஃபேன், ஓயாத சண்டை, அவ்வளவுதான். இசக்கி தாராவியிலேயே பிறந்த திருநெல்வேலிக்காரன். வயதில் என்னைவிடச் சின்னவன், வாயில் ரொம்பப் பெரியவன்.

அண்ணாச்சியிடம் பை தைத்துக்கொண்டிருந்த ஒருவரின் மகள் மாரி. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. பக்கத்து முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்தாள். கண் தெரியாத பிள்ளைகள் பரீட்சையில் பதிலைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்து அதை எழுத வேண்டும். பம்பாயில் அப்படி ஒரு பிள்ளைக்கு எங்கே போவது? வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசும், எழுதச் சொன்னால் திருதிருவென்று முழிக்கும். முந்தின வருஷம் மாரிக்கு எழுத வந்த பெண் எழுதிய லட்சணத்தில் மாரி ஃபெயில். அதுவும் தமிழில்! "நான் ஒழுங்காத்தாங்கா சொன்னேன். அவ என்னத்த எழுதுனாளோ, யாரு கண்டா?" என்று சொன்னபோது அவள் முகத்தில் அழுகை இல்லை, அத்தனையும் கோபம். எனக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அவளுக்காக ஒரு புரோகிராம் எழுதினோம். அவள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் அது காதில் சொல்லும். குரல் இசக்கியின் தங்கையுடையது. அதே எழுத்தைத் திரையிலும் பெரிதாகக் காட்டும், ஏனென்றால் கண்காணிப்பாளருக்குத் தெரிய வேண்டும் என்று கல்வி ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தசராவுக்கு மறுநாள் ஆபீசர் பள்ளிக்கு வருவார். பள்ளிக் கம்ப்யூட்டரில் அது ஒழுங்காக ஓடினால் மாரி தன் பரீட்சையைத் தானே எழுதலாம். ஓடாவிட்டால் பழையபடி எவளாவது ஒருத்தி வந்து உட்காருவாள்.

ரகளை எங்கே வந்ததென்றால் கம்பைலரில் வந்தது. ஜன்னலையும் தமிழ் எழுத்தையும் திரையில் வரைந்து தர ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதிவைத்த புரோகிராம் மூட்டை, எடுத்திருந்தோம். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். லைப்ரரியை எந்தக் கம்பைலர் மாற்றியதோ அதுவேதான் நம் புரோகிராமையும் மாற்ற வேண்டும். ஒரு கம்பெனிக் குக்கருக்கு இன்னொரு கம்பெனி கேஸ்கட்டைப் போட்டால் மூடி என்னவோ மூடிக்கொள்ளும், விசில் வராது, அந்தக் கதைதான். நான் விலையுள்ள கம்பைலர் கட்சி. அதற்கான லைப்ரரி தயாராக சிடியிலேயே வந்தது. இசக்கி இலவசக் கம்பைலர் கட்சி. அதற்கு லைப்ரரி முழுவதையும் நாமே உட்கார்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும், ஒரு நாளுக்கு மேல் மெஷின் நிற்காமல் ஓட வேண்டும்.

"எக்கா, ஒங்க கம்பைலர்ல செஞ்சா அது கூட நாலு ஃபைலு கேக்கும். அந்த ஸ்கூல் டப்பால அதெல்லாம் கெடையாது."

"இல்லேன்னா போட்டுண்டா போச்சு. நீ சும்மா இருடா."

மாட்டுங்கா திமிர், வேறென்ன. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பள்ளிக்குப் போய் ஓட்டிப் பார்த்தோம். ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்து, இன்ன ஃபைல் இல்லை என்றது. அந்த ஃபைலைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தோம், மசியவில்லை. முறையாக இன்ஸ்டால் செய்ய பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் தெரிந்த வாத்தியார் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். மாரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு விரலை விசைகள்மேல் வைத்தபடி காத்திருந்தாள். "என்னக்கா, சத்தமே வரல?" என்று கேட்டாள். அவள் காதிலிருந்து ஹெட்போனை நானே கழற்றினேன்.

திரும்பி வரும்போது இசக்கி 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். பட்டறைக்கு வந்ததும் நல்ல மெஷினில் லைப்ரரியை இலவசக் கம்பைலருக்குக் கொடுத்தான். திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பினோம்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் பட்டறை பளிச்சென்று கழுவிக் கிடந்தது. தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். படியில் இசக்கி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மேலே ஓடினேன். எங்கள் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு முழம் சாமந்தி. திரை கன்னங்கரேல் என்று இருந்தது. அண்ணாச்சி மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, பொரித் தட்டோடு அங்கேயே நின்றிருந்தார்.

"அண்ணாச்சி! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேள்! அது ஓடிண்டிருந்ததே!"

"ஓடிச்சா? ஒரு சத்தமும் கேக்கலியேம்மா. பூசை அன்னைக்கு மிஷின ஓட்டலாமா? ஒங்களுக்கும் சேத்துத்தான் கும்புட்டிருக்கேன். இன்னைக்கு நம்ம பூசை, நாளைக்கு தசரா, பக்கத்துல மராட்டிக்காரங்க பூசை. ரெண்டு நாளும் பந்த்."

அதற்கு மறுநாள் ஆபீசர் வருகிறார்! நான் கம்பைலர், லைப்ரரி, பாஸ்வேர்ட் என்று கத்தோ கத்தென்று கத்தினேன். கெஞ்சியும் பார்த்தேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கை பொரியை என்னிடம் நீட்டினார். அந்த மனுஷரை எப்படித் திட்டுவது? பொரியை வாங்கிக்கொண்டேன்.

அப்பாவோடு பூஜைக்கு வந்திருந்த மாரி கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து அண்ணாச்சியைக் கேட்டாள்.

"பெரியப்பா, இன்னைக்கு யாரும் எழுதக் கூடாது, அப்படித்தான?"

"ஆமா தாயி. பேனா, பொஸ்தகம் எல்லாம் சாமிகிட்ட வச்சிரணும்லா."

"எனக்கு வருசம் பூரா ஆயுத பூசைதான பெரியப்பா. என் பேனா எப்பவும் சாமிகிட்டதான் கெடக்கு. ஒரு நாளாவது எடுத்து எழுதிக்கிடுதேனே."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். டக்கென்று மெயின் சுவிட்ச் ஏறும் சத்தம் கேட்டது. கீழேயிருந்தே குரல் கொடுத்தார்: "ஏல இசக்கி, போயி வேலையப் பாருல. குங்குமத்த மட்டும் அழிச்சிராத."

நல்ல வேளை, விட்ட இடத்திலிருந்து அது ஓட ஆரம்பித்தது. தசரா அன்று மத்தியானம் கடைசிக்கு வந்து, பிழை என்று நின்றது. இசக்கிக்கு முகம் செத்துப்போயிற்று. "எக்கா, மொதல்லருந்து ஓட்டணும் போலருக்கு" என்றான். முதலிலிருந்து ஓட்ட நேரம் எங்கே இருக்கிறது? பிறகுதான் உறைத்தது. கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றிருக்கும். கம்பைலர் அது முடிந்துவிட்டது என்று நினைத்து மேலே தாண்டிப் போயிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து அந்த அரைகுறையைக் கண்டுபிடித்து அழித்தோம், அதை மட்டும் மறுபடி ஓட்டினோம். அது முடிகிற வரை ரெண்டு பேரும் மூச்சுவிட்டோமா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆபீசர் ஒரு மராத்தி அம்மாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். அந்த ஓட்டைப் பள்ளிக் கம்ப்யூட்டரில் இசக்கி தட்டினான். ஒன்றும் வரவில்லை. இன்னும் வரவில்லை. பள்ளித் தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் திறந்தது. மாரி அடித்தாள், எழுத்து வந்தது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, காதால் கேட்டு, ஒரு எழுத்தை அழித்துவிட்டு வேறு எழுத்துப் போட்டாள். அந்த அம்மாளுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த அழித்தலைப் பார்த்ததும் கடிகாரத்தை விட்டுவிட்டார். "இந்தப் பெண்ணே எழுதட்டும்" என்று இந்தியில் சொன்னார். நான் வராந்தாவுக்குப் போய் நன்றாக அழுதேன்.

மாரி எழுதினாள், பாஸும் ஆனாள். தமிழ் மார்க்கைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொல்கிற தமிழுக்கு எவ்வளவோ வந்திருக்க வேண்டும், எழுத்துப் பிழைக்கே ஏகத்துக்குக் குறைத்திருந்தார்கள். விடக்கூடாது, மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்கலாம் என்று குதித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போன தடவ போனது அவ தப்புக்கா. இது பூரா என் தப்பு. நானே எழுதுன தப்பு!"

அந்த புரோகிராமை இப்போது எந்த மெஷினில் போட்டாலும் ஓடாது. அதை உபயோகித்தவள் மொத்தத்தில் அவள் ஒருத்திதான். மாரி செம்பூரில் ஒரு பாங்கில் இருக்கிறாள், போனில் என்னை இன்னும் அதட்டுகிறாள். இசக்கி பெங்களூரில். பட்டறை இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ கட்டிடம். அதெல்லாம் போகட்டும், ஊர் என்றால் இடிப்பார்கள், கட்டுவார்கள். போன மாதம் மாஹிமுக்குப் போகிற வழியில் அந்தப் பள்ளி வாசலில் டாக்சி நின்றது. பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தமிழ் மீடியம் எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்டேன். பிள்ளைகள் சேரவில்லை, மூடி ரொம்ப வருஷம் ஆயிற்று என்றார். இப்போது அங்கே தமிழைத் தப்பாக எழுதக்கூட ஒரு பிள்ளை இல்லை.