மதகுச் சுவரில் ஐந்து துண்டுப் பாம்பு

நாற்றங்காலுக்கு பம்புசெட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பள்ளியில் என்னோடு பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த வரலாற்று ஆசிரியை செல்வராணி மறைந்துவிட்டார். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. வாய்க்கால் தூர் வார இந்த வாரம்தான் அவர் தலைமடை ஊரில் பேசுவதாக இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்குக் குடவாசல் பக்கத்து மதகுச் சுவர் நினைவிருக்கும். அந்த வாய்க்கால் ஐந்து ஊர்களுக்குப் பாய்கிறது. ஊர்களுக்குள் ஒற்றுமை இல்லாமல் தூர் வாருவது நின்றுபோய், கடைமடையான எங்கள் ஊரில் பயிர் காய்ந்தது. டீச்சர் அந்தச் சுவரில் ஐந்து துண்டாக வெட்டிய பாம்பை வரைந்து, துண்டுக்கு ஓர் ஊர்ப் பெயர் எழுதினார். அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பு அங்கே ஓர் அச்சுக்காரர் பத்திரிகையில் போட்ட படத்தின் மாதிரி அது. சேராவிட்டால் சாவுதான் என்பது சேதி.

பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். "வெட்டுன பாம்ப செவுத்துல வைக்கலாமா டீச்சர்? தோஷம். அழிச்சிடுங்க."

டீச்சர் அசரவில்லை. "அழிச்சா செத்தது செத்ததுதாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஒட்டுனா பொழைக்கும்னு இந்தப் படம் வந்த நாட்டுல சொல்லுவாங்க. அஞ்சு ஊரும் எறங்கி தூர் வாருங்க, அன்னிக்கே ஒட்டி வரைஞ்சு தர்றேன்."

ஆண்களை மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு விரட்டியது அந்தப் பெண்கள்தான். வேலை முடிந்த மாலையில் டீச்சர் பாம்பை ஒட்டினார். அந்த வருடம் என் வயலுக்குத் தண்ணீர் வந்தது. மறு வெள்ளிக்கிழமை பாம்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "பிரெஞ்சுக்காரங்கள எதிர்க்க, இங்கிலாந்து ராஜாவோட குடிகள் ஒண்ணு சேரணும்னு போட்ட படம் சார். பின்னாடி அந்த ராஜாவுக்கு எதிராவே அதே பாம்ப தூக்கினாங்க. இங்க சாமியாயிடுச்சு. இருந்துட்டுப் போகட்டுமே."

தலைமடை சுந்தரமும் நானும் மட்டும் ஒட்டவில்லை. தண்ணீர் முறை மாறி மதகை அடைத்தார் என்று அவர் மேல் புகார் எழுதியவன் நான். அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் எங்கள் இருவருக்கும் நடுவில் டீச்சர்தான் போய் வந்தார்.

சுடுகாட்டில் சுந்தரம் தனியாக நின்றார். இனித் தூது போக ஆளில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் போனேன்.

"தூர் வார எப்ப எறங்கலாம்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம வாங்க சார். டிபன் எங்க வீட்ல."

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய அந்தத் தூது வேலையைத்தான். இந்த ஞாயிறு முதல் நானே நேரில் போகிறேன்.