பதினாறாம் நாள் பந்தியில் கறி ஏன் போடவில்லை

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரது பதினாறாம் நாள் விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சாம்பாரும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். ஆட்டுக்காரி வீட்டில் ஆட்டுக்குப் பஞ்சமா என்று பூச்சோங் பெரியப்பா கேட்டது என் காதிலும் விழுந்தது. அன்று நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். அதனால் அக்காவின் பெயருக்குத்தான் இழுக்கு வந்தது. அதைத் துடைக்கவே இந்த ஓராண்டு நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா காப்பார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். அத்தான் லோரி விபத்தில் போன பிறகு, ஷா ஆலமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தார். பிறகு கிள்ளானுக்கு வெளியே கொட்டகை போட்டு, செம்மறிக் குட்டிகளை வாங்கி, மேய விடாமல் உள்ளேயே தீனி கொடுத்து வளர்த்தார். மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் வெறும், எண்ணெய் பிழிந்த செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கையே போட்டார். குட்டிகள் மளமளவென்று கொழுத்தன. ஒரு காலையில் பார்த்தால் அவற்றின் கண்கள் மஞ்சளாக இருந்தன. அந்த வாரத்துக்குள் பாதி செத்துப்போயின. பிண்ணாக்கில் உள்ள செம்பு ஈரலில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியும்போது ஒன்றும் செய்ய முடியாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார்.

அக்காவையும் கடைசியில் ஈரல்தான் கொண்டுபோனது. மருத்துவமனையில் ஒரு நாள் கண்ணாடி கேட்டு வாங்கினார். தம் மஞ்சள் கண்களை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த முதல் இழப்புக்குப் பிறகு தீனி விஷயத்தில் அக்கா யாரையும் நம்பியதில்லை. வெட்டிய புல், அளவோடு பிண்ணாக்கு, தவு என்கிற சோயாக் கட்டி செய்யும் இடத்திலிருந்து வரும் சோயாச் சக்கை எல்லாவற்றையும் தம் கையாலேயே கலப்பார். புல்லே அதிகமானால் கறியில் வாடை கூடும். பிண்ணாக்கு அதிகமானால் கொழுப்பு தடித்துப்போகும் என்பார். பிரிக்ஃபீல்ட்ஸில் என் கறிக்கடைக்கு அவருடைய ஆடுகள்தான் வரும்.

"தீனிதான் கறி, தம்பி. மத்ததெல்லாம் மசாலா."

நினைவு தப்புவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தம் காரியத்துக்குத் தம் ஆட்டையே சமைக்க வேண்டும், வெளிக்கறி வாங்கக் கூடாது. சரி என்றேன்.

அப்படியே நானே அறுத்தேன். வீட்டு வாசலில் பெரிய அண்டாக்களில் கறி கொதித்தது. எங்கள் வழக்கப்படி அறைக்குள் இலை போட்டுப் படைத்தோம். போனவர் வந்து சாப்பிடட்டும் என்று விளக்கை மட்டும் எரியவிட்டுக் கதவைச் சாத்தினோம். ஜன்னல்கள் மூடியிருந்தன. வீட்டில் பூனை கிடையாது. அம்மா கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்தபோது சோறு வைத்தபடி இருந்தது. ஒரே ஒரு கொழுப்புத் துண்டு மட்டும் இலைக்கு வெளியே, தரையில், நசுங்கிக் கிடந்தது. அதன் மேல் இரண்டு விரல் பதிந்த தடம் இருந்தது. அக்கா சாப்பிட உட்கார்ந்தால் ஆறிய கொழுப்பை இரண்டு விரலால் நசுக்கி முகர்ந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் இலைக்கு வெளியே வைத்துவிடுவார். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இத்தனை வருடம் ஆடு அறுக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்து என்னை ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் அன்று அந்த இலைக்கு முன் மண்டியிட்டுவிட்டேன். அந்தத் துண்டை எடுத்து முகர்ந்தேன். மீன் வாடை அடித்தது. அறுக்கும்போது தெரியவில்லை. மசாலா வாசத்திலும் தெரியவில்லை.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் குமாரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"அக்கா ஆஸ்பத்திரியில இருந்தப்ப தீனி லோரி வரல அண்ணே. கோழித் தீவனம் கலந்து போட்டேன். ஆடு நல்லாத்தான் தின்னுச்சு லா."

கோழித் தீவனத்தில் மீன் தூள் இருக்கும். வாரக்கணக்கில் தின்றது கொழுப்பில் ஏறிவிட்டது. குமாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆடுகளைப் பட்டினி போடாமல் காப்பாற்றியவர் அவர். வெளியே கூடாரத்தில் நீங்கள் எல்லாரும் இலைக்கு முன் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அவ பாத்துட்டா. இதை யாருக்கும் போடாதீங்க" என்றார் அம்மா.

அத்தனை கறியையும் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தாதியருக்கும், அம்பாங்கிலிருந்து தினமும் வந்து அம்மாவுக்குத் துணையிருந்த சித்திக்கும், சமைத்தவர்களுக்கும், குழி வெட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், குமாருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இன்றைய விருந்துக்கான ஆடுகளுக்கு, வாங்கிய நாள் முதல், அக்கா சொன்னபடி நானே தீனி கலந்து போட்டேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் உள்ளே படையல் போட்டுக் கதவைச் சாத்தியிருப்போம். பந்தியில் கறி வந்தால், அக்கா அனுப்பியது என்று வயிறாரச் சாப்பிடுங்கள். வராவிட்டால், யாரும் என்னைக் காரணம் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
தம்பி