ஒன்பது முட்டைகளும் ஒரு சுழியும்

எங்கள் வீட்டு நாய் பக்கத்து வீட்டு அக்காவின் அடைக்கோழியைக் கடித்துக் கொன்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். கம்பெனி பஸ் ஏழு ஐம்பதுக்கு வரும். அதைப் பிடிக்கிற அவசரத்தில் கேட்டைச் சாத்தாமல் ஓடியவள் நான்தான். நாயைத் திட்டி என்ன பிரயோஜனம்? தாழ்ப்பாள் போட அதற்குக் கையா இருக்கிறது?

மாலையில் வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். அக்கா சத்தமே போடவில்லையாம். செத்த கோழியைக் கொல்லையில் புதைத்துவிட்டு, போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டாராம். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் கோழி அந்தியூர்ப் பக்கம் அவருடைய அம்மா வளர்த்தது. அம்மா போன பிறகு கூடப்பிறந்தவர்கள் பாத்திரம் பண்டம் பிரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் எனக்கு இது போதும் என்று கோழியைக் கூடையில் போட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். இங்கே வந்து முதல் முறையாக அது அடைக்கு உட்கார்ந்து பத்து நாள் ஆகியிருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"அக்கா, தப்பு எம்மேலதானுங்க. மிச்சமிருக்கற முட்டையக் குடுங்க, நான் பொரிச்சுத் தாரேனுங்க."

அக்கா தைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொரிச்சுங்களா? மொளகு போட்டுங்களா, போடாமயுங்களா?"

நான் சொன்னது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. "ஐயோ, குஞ்சு பொரிக்கறதுங்க்கா! என்ற ஊட்ல மிஷின் இருக்குதுங்க!" என்று பதறினேன். அவர் எழுந்து போய்க் கூடையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பதிமூன்று வைத்ததில் நாய் மிதித்தது போக ஒன்பது முட்டைகள் இருந்தன. அதோடு அவர் என்னோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

மிஷின் என்று பெருமையாகச் சொன்னேனே தவிர, அது ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு பல்பு, ஒரு சின்ன ஃபேன், தண்ணீர்க் கிண்ணம், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு கருவி, மூடியில் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி. போன வருஷம் அதில் காடை பொரித்து, தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். நான் ஃபவுண்டரி லேபில் வேலை செய்கிறவள். இரும்பு வார்க்கிற அச்சு மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. மண்ணிலேயே ஈரம் பார்க்கிறவளுக்கு முட்டைப் பெட்டி எந்த மூலைக்கு என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தேழரை டிகிரி வைத்து, சுவரில் ஒரு சார்ட்டும் ஒட்டினேன்.

கோழி அடை காக்கும்போது முட்டைகளை அதுவே உருட்டி உருட்டி விடும். பெட்டியில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். எதைத் திருப்பினோம், எதைத் திருப்பவில்லை என்று தெரிய முட்டையின் ஒரு பக்கத்தில் அடையாளம் வேண்டும். அடுப்பில் பால் பொங்குகிற நேரம். என் வீட்டுக்காரரிடம் பென்சிலை நீட்டி, "ஏனுங்க, ஒவ்வொரு முட்டையிலயும் ஒரு பக்கமா ஒரு சுழி போட்டு வைங்க" என்றேன். நான் சொன்னது வட்டம். சின்னதாக ஒரு பூஜ்யம்.

அவர் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். பில்லானாலும் சரி, மளிகை லிஸ்ட்டானாலும் சரி, மேலே பிள்ளையார் சுழி போடாமல் பேனாவை நகர்த்த மாட்டார். கரண்ட் பில்லுக்குப் பின்னால் ஃபோன் நம்பர் குறிக்கிறபோதுகூட முதலில் ஒரு 'உ' விழும். வந்து பார்த்தால் ஒன்பது முட்டையிலும் அழகாக, ஒரே அளவில், 'உ'. எனக்குச் சிரிப்பு வந்தது. அடையாளம் எதுவானால் என்ன என்று அப்படியே வைத்துவிட்டேன். அந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன்.

காலையில் வேலைக்குப் போகும் முன் 'உ' கீழே போகிற மாதிரி திருப்புவேன். மாலையில் வந்ததும் 'உ' மேலே வருகிற மாதிரி திருப்புவேன். சார்ட்டில் டிக் போடுவேன். நடுவில் ஒருநாள் பாத்ரூமில் இருட்டாக்கி, ஃபோன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தோம். ஏழு முட்டைகளில் சிவப்பு நரம்பு ஓடியது, உள்ளே ஏதோ ஒன்று துள்ளி அசைந்தது. இரண்டில் எதுவுமே சரியாகத் தெரியவில்லை. கூமுட்டை என்று தூக்கிப்போட மனசு வராமல் அவற்றையும் திரும்ப உள்ளேயே வைத்தேன்.

அக்கா இன்னும் பேசவில்லை. ஆனால் எங்கள் காம்பவுண்டுப் பக்கக் கொடியில்தான், எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, துணி காயப்போட்டார். நாலு துணி காயப்போட அவ்வளவு நேரம் ஆகாது.

கோழி உட்கார்ந்ததிலிருந்து எண்ணிப் பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு குஞ்சு வெளியே வரத் தோதாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும்; உருட்டினாலும் ஆபத்து, மூடியைத் திறந்தால் ஈரம் போய்விடும். புதன்கிழமை காலை கடைசியாக ஒருமுறை திருப்பி, கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பி மூடினேன். மூடிமேல் 'யாரும் தொடக் கூடாது' என்று எழுதி ஒட்டினேன். அந்த வீட்டில் யாரும் என்றால் அவர் ஒருத்தர்தான்.

மாலையில் வந்து கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், ஒன்பது 'உ'வும் மேலே பார்த்துக்கொண்டு சிரிக்கிறது.

பட்டறைக்கே போய்விட்டேன். "பொட்டியத் தொறந்தீங்களா?"

கையில் செம்புக் கம்பியோடு எழுந்து நின்றார். "கோவிச்சுக்காத அம்மணி. மூணு நாளைக்குப் பிள்ளையாரக் குப்புறப் போட்டு வெச்சா எப்படி? மனசு கேக்கல. மெதுவா, ஒண்ணொண்ணாத்தான் திருப்பி வெச்சேன்."

"இத்தன நாளு கேட்டுச்சா?"

அவர் தலையைச் சொறிந்தார். தினமும் நான் பஸ் ஏறியதும் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மேலே பார்க்கத் திருப்பி வைப்பாராம். நான் வருவதற்கு அரை மணிக்கு முன்னால் மறுபடி போய், எனக்குத் தெரியக்கூடாது என்று குப்புறப் போட்டு வைப்பாராம். குப்புறப் போடும்போது ஒவ்வொரு முட்டையிடமும் மன்னிப்பும் கேட்டுக்கொள்வாராம்.

கத்திவிட்டேன். பட்டறைப் பையன்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். கத்திக்கொண்டே கணக்குப் போட்டால் நான் இரண்டு, அவர் இரண்டு, ஆக நாளைக்கு நாலு தடவை முட்டை திரும்பியிருக்கிறது. சார்ட் போட்ட நான் நினைத்ததைவிட நல்ல பராமரிப்புதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குத் திறந்தாரே, அதற்கு என்ன பதில்? அதில் ஏதாவது ஆகியிருந்தால் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? ஒரு தரம் கேட்டைத் திறந்து போட்டேன், இன்னொரு தரம் பெட்டியைத் திறக்க விட்டேன்.

குஞ்சு வர வேண்டிய இருபத்தொன்றாம் நாள் சனிக்கிழமை. ஒரு சத்தமும் இல்லை. என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது கீச்சென்றது. இரண்டு பேரும் ஓடினோம். ஒரு முட்டையில் 'உ'வுக்குப் பக்கத்திலேயே ஓடு பெயர்ந்து, ஒரு மூக்கு நுனி தெரிந்தது. மத்தியானத்துக்குள் ஏழும் வெளியே வந்துவிட்டன. ஏழு! என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

நாலு மணிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். அட்டைப்பெட்டியில் நியூஸ்பேப்பர் விரித்து, பல்பு வெளிச்சத்தில் குஞ்சுகளை விட்டிருந்தேன். அவர் குனிந்து, கழுத்தில் செம்மண் நிறம் ஓடிய ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதன் முதுகையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, உனக்கு அறிவிருக்குதா? பேப்பருல உட்டா வழுக்கிக் காலு பொளந்துக்காதா? ஒரு சாக்கு விரிக்கத் தெரியாதா உனக்கு? தண்ணிய இத்தன பெரிய கிண்ணத்துல வெச்சிருக்கறயே, உழுந்து செத்துப்போட்டா? பெருசா மிஷின் வெச்சிருக்கறாளாம் மிஷினு!"

'ங்க' இல்லாத பேச்சு. இந்த ஊரில் அப்படிப் பேச ஒருவருக்கு நம்மேல் எவ்வளவு உரிமை இருக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஃபவுண்டரியில் என் சத்தத்துக்கு இருபது பேர் நடுங்குவார்கள். நான் "சரிங்க்கா, சரிங்க்கா" என்று சாக்கு தேடி ஓடினேன். இத்தனை சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்பியவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ரெண்டு இன்னும் கெடக்குதே. தூக்கிப் போட்றாத. நாளைக்கு வந்து பாக்கறேன்."

அந்த இரண்டிலும் உயிரில்லை என்று எனக்குத் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தவள் நான்தானே. ஆனாலும் பெட்டியை அணைக்கவில்லை. அக்கா திங்களும் வந்தார், செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார். ஒவ்வொரு நாளும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "இன்னொரு நாளு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து காபி குடித்துப் பேசிவிட்டுப் போனார். சின்ன வயசிலிருந்து கோழி வளர்க்கிறவர். முட்டையைக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினால் கூமுட்டை என்று அவருக்குத் தெரிந்துவிடும். மூன்று நாளும் அவர் அதை எடுத்து ஆட்டிப் பார்க்கவே இல்லை.