பழைய வேட்டித் துணியில் கட்டிய முட்டைகள்

என் கணவருக்கு நான் இரண்டாம் மனைவி. முதல் மனைவி விவாகரத்துக்குப் பிறகு கோவையிலேயே வேறொரு பகுதியில் இருக்கிறார். அவர்களுடைய பெண் அம்மாவிடம் வளர்கிறாள். லீவு நாட்களில் எங்களிடம் வருவாள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். என்னைச் சித்தி என்பாள்.

நான் அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் முட்டை என்றால் குழம்புக்கும் ஆம்லெட்டுக்கும்தான். ஈஸ்டருக்கு அதைச் சாயத்தில் போடுவார்கள் என்பதே கிறிஸ்தவ வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு தெரிந்துகொண்டது. இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பாப்பா எங்களிடம் இருந்தாள். அவளோடு சேர்ந்து முட்டைக்குச் சாயம் போடவேண்டும் என்று யூடியூப் பார்த்து ஒரு வாரமாகத் தயாரானேன். பீட்ரூட்டைத் துருவிக் கொதிக்கவிட்டேன். இன்னொரு பாத்திரத்தில் மஞ்சள்தூள் கரைத்துவைத்தேன்.

பாப்பா வந்து இரண்டையும் எட்டிப் பார்த்தாள். “வெங்காயத் தோல் இல்லீங்களா சித்தி?”

காலையில் சாம்பாருக்கு உரித்த தோலைக் குப்பை வண்டியில் போட்டிருந்தேன். பீட்ரூட் இருக்கே கண்ணு என்றேன். சரியென்று அவித்த முட்டை ஒன்றை பீட்ரூட் தண்ணீரில் விட்டாள். வெகுநேரம் கழித்து எடுத்தபோது, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ரோஸ் ஜாக்கெட் மாதிரி இருந்தது.

“நல்லாத்தான் இருக்குங்க” என்றாள்.

என்னிடம் எப்போதும் இந்த ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்ப்போம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவிடம் அவள் பேசுவது நீ, வா, போ. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அம்மாவிடம் கேட்கட்டுமா என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் போனையே எடுத்து வீடியோ காலில் கூப்பிட்டு, அஞ்சறைப்பெட்டிமேல் சாய்த்துவைத்தாள். அந்த அம்மாவின் முகம் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சின்ன வெங்காயத் தோல் ஒரு பை நிறைய வேண்டும் என்றார். நான் தெருமுனைக் காய்கறிக்கடைக்குப் போனேன். எதற்கென்று கடைக்காரர் கேட்கவில்லை, அள்ளிக்கொள்ளச் சொன்னார். வெங்காய மூட்டைக்கு அடியில் குனிந்து தோல் பொறுக்கும்போது, யாருடைய வேலையாளாக இங்கே வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

படியேறும்போதே இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. என்னோடு இருக்கும்போது பாப்பா அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்து, முட்டைமேல் இலை வைத்துக் கட்ட மெல்லிய துணி வேண்டும். பாப்பா என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த அம்மா முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார்.

“ஏனுங்க, லாஃப்ட்ல பெரிய அண்டா இருக்குமுங்க. அதுக்குள்ள பழைய வேட்டியைக் கிழிச்சு மடிச்சு வெச்சிருப்பேன். பாக்கறீங்களா?”

ஸ்டூல் போட்டு ஏறினேன். அவர் இங்கே குடியிருந்தபோது வைத்த இடத்திலேயே அண்டா இருந்தது. துணியும் இருந்தது, பழைய ஈஸ்டர்களின் வெங்காயக் கறையோடு. இந்த வீட்டில் விளக்கேற்றுகிறவள் நான், மளிகை வாங்குகிறவள் நான். அந்த அண்டாவுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஸ்டூல்மேலேயே கொஞ்சநேரம் நின்றேன். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு துணியோடு இறங்கினேன்.

மீதி எல்லாம் அவர் சொல்லச் சொல்லத்தான் நடந்தது. பச்சை முட்டையை நனைத்துக் கொத்தமல்லி இலையை ஒட்டி, துணியால் இறுக்கி, நூல் சுற்றிக் கட்டினோம். பாப்பா துணியைப் பிடிக்க, நான் முடிச்சுப் போட்டேன். வெங்காயத் தோல் கொதித்த தண்ணீரில் ஒரு மூடி வினிகர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். முட்டைகளை அதில் போட்டு அடுப்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். ஆறியபின் நூலை அறுத்தால், செங்கல் நிறத்து முட்டையில் கொத்தமல்லி இலை நரம்புவரைக்கும் வெள்ளையாகப் பதிந்திருந்தது. அவ்வளவு அழகு. அது அழகாக இல்லாமல் போயிருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

“அம்மா, நீ பாரேன்” என்று பாப்பா முட்டையைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து, பாப்பாவைக் கூட்டிப்போக அந்த அம்மா சர்ச் வாசலுக்கு வந்தார். நல்ல முட்டைகளையெல்லாம் பாப்பா டப்பாவில் அடுக்கி அவருக்கென்றே கொண்டுவந்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் சொல்லிக்கொள்ள ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம். சிரமம் கொடுத்துவிட்டேன் என்றார் அவர். அதெல்லாம் ஒன்றுமில்லீங்க என்றேன்.

அவர் டப்பாவைத் திறக்காமல் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“நேத்து போன்ல உங்க முகம் தெரியலீங்க, தோளும் கையும்தான் தெரிஞ்சுது. நூல் கட்டறப்போ பாப்பா உங்க தோள்ல சாஞ்சுட்டே நின்னுட்டிருந்தா. எங்கிட்ட இப்பல்லாம் அப்படி நிக்கறதில்லீங்க.”

அதற்குள் பாப்பா வந்துவிட்டாள். வாரேங்க சித்தி என்று கையாட்டிவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துப் பார்த்தேன். முடிச்சு நினைவிருக்கிறது, அடுப்பில் விரல் சுட்டது நினைவிருக்கிறது. தோளில் அவள் சாய்ந்தது நினைவில் இல்லை. அதையும் அந்த அம்மாதான் பார்த்திருக்கிறார்.