கொட்டு வைத்தியம்

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தது தெருதான். ஆள் குள்ளம், சூடு பட்டால் வெடிப்பாள், இவ்வளவு பொருத்தம் போதும் என்று தெரு முடிவு செய்துவிட்டது. வீட்டின் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் தேனீப் பெட்டிகள் வைத்துத் தேன் எடுத்து விற்பது அவள் தொழில். கோபப்படுவது அதற்கு மேல் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலை.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தேன் வாங்க வருகிறவர்கள் தேனை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. சர்க்கரை வியாதிக்கு எத்தனை கரண்டி, முடி கொட்டினால் எங்கே தடவுவது, கண்ணில் ஒரு சொட்டு விடலாமா என்று ஆரம்பிப்பார்கள். கடுகும் முதலில் பொறுமையாகத்தான் பதில் சொல்வாள். தொண்டை கரகரப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து குடி. குதிகால் வெடிப்புக்கு மெழுகையும் எண்ணெயையும் சேர்த்து உருக்கிய களிம்பு தருகிறேன், தடவு. அதற்கு மேல் கேட்டால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். பிறந்து சில மாதமே ஆன குழந்தையின் நாக்கில் தடவத் தேன் கேட்டு ஒருத்தி வந்தாள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் ஆபத்து என்று சொல்லி, விற்ற பாட்டிலை அவள் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டாள் கடுகு. அவள் இன்றுவரை கடுகோடு பேசுவதில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறது, தாய் பேசாவிட்டால் போகட்டும்.

இப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு தம்பி. தெரு அவனுக்கு வைத்த பெயர் மைக்செட். முதலில் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்றான், பிறகு உடம்பு இளைக்கும் பொடி விற்றான். இரண்டிலும் தண்ணீரும் சுத்தமாகவில்லை, உடம்பும் இளைக்கவில்லை. அதன் பிறகுதான் அக்காவின் பெட்டிகள் மேல் அவன் கண் விழுந்தது. தான் குடியிருந்த கீழ் வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டான். அக்காவின் தேனையே வாங்கி, பாட்டிலில் புது லேபிள் ஒட்டி, ரத்த அழுத்தம் முதல் ஞாபக மறதி வரை எல்லாவற்றையும் அதில் எழுதினான். கடுகு லேபிள்களைக் கிழித்தாள், அவன் மறுபடி ஒட்டினான். இது சில மாதம் ஓடியது.

பிறகு கொட்டு வைத்தியம் வந்தது. எங்கேயோ போனில் பார்த்திருக்கிறான். ஒரு தேனீயை இடுக்கியால் பிடித்து, வலிக்கிற மூட்டின் மேல் வைத்துக் கொட்டவிடுவது. கொடுக்கு தோலில் தங்கும், தேனீ செத்துப்போகும், விஷம் உள்ளே போய் வலியை விரட்டிவிடும் என்றான். வலி போனதாகச் சிலர் சொன்னார்கள். கொட்டிய இடத்து எரிச்சலில் பழைய வலி மறந்திருக்கும் என்றாள் கடுகு. அக்காவுக்கு வயிற்றெரிச்சல் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தான் தம்பி. அவள் பார்க்காத நேரத்தில் கொல்லைப் பெட்டியிலிருந்து தீப்பெட்டியில் தேனீ பிடித்துப் போவான்.

அவன் மனைவி தையல்காரி. கீழ் வீட்டுப் பின்னறையில் மிஷின் போட்டுத் தைப்பாள். அதிகம் பேசமாட்டாள். அந்த வீட்டில் பேசுவதற்குத்தான் இரண்டு பேர் இருக்கிறார்களே. பெட்டிகளின் பக்கம் அவள் போனதே இல்லை. ஆனால் ஒருநாள் கொடியில் துணி உலர்த்தும்போது ஒரு தேனீ புறங்கையில் கொட்டிவிட்டது. கை முழங்கை வரை வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, தொண்டையை யாரோ பிடிப்பது போல இருக்கிறது என்றாள். எத்தனையோ கொட்டு வாங்கிய கடுகுக்கே பயம் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்தது. வடிந்தால் என்ன, இது சாதாரண வீக்கம் இல்லை, உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அடுத்த கொட்டு இவளுக்கு எமன் என்று தம்பியிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

அவன் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்ன பதில் கடுகின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

"மெதுவா பேசுக்கா. தேனீ வைத்தியம் பாக்கறவன் பொண்டாட்டிக்கே தேனீ ஒத்துக்காதுன்னு வெளிய தெரிஞ்சா, எவன் வருவான்?"

அன்று கடுகு கத்திய கத்தல் பக்கத்துத் தெரு வரை கேட்டது. அவன் காதில் மட்டும் ஏறவில்லை. நானே கூட்டிப்போகிறேன் என்று தையல்காரியைக் கூப்பிட்டாள். தைத்துக் கொடுக்க வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்றாள் அவள்.

அந்த அடுத்த வாரத்துக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. முன்னறையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டிக்கெட் பரிசோதகர், இரண்டு முழங்காலையும் தடவிக்கொண்டு, கொட்டினால் ஏதாவது ஆகுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வாழ்நாளெல்லாம் அடுத்தவரைச் சந்தேகப்பட்டே பழகிய மனிதர், லேசில் விடுவாரா. மைக்செட் பின்னறையைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டான். கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவளை நாற்காலியில் உட்காரவைத்து, என் வீட்டு ஆளுக்கே வைக்கிறேன் பாருங்கள் என்றான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கையைப் பின்னால் இழுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்து மேசை மேல் வைத்தான். வந்தவர்களும் சிரித்தார்கள், ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளை மாதிரி பயப்படுகிறாள் என்று.

கடுகு மொட்டை மாடியில் பெட்டியைத் திறந்துவைத்திருந்தாள். கீழே நாற்காலி விழுந்த சத்தம் கேட்டு இறங்கி ஓடிவந்தபோது தையல்காரி தரையில் கிடந்தாள். உதடு தடித்துப்போய், மூச்சு விசில் மாதிரி வந்தது. பக்கத்தில் மைக்செட் மண்டிபோட்டு, விஷம் வேலை செய்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டே, ஒரு கரண்டித் தேனை அவள் வாயில் ஊற்றப் பார்த்தான். மூச்சே இறங்காத தொண்டையில் தேன். கடுகு கரண்டியைத் தட்டிவிட்டாள், அதே கையால் அவன் கன்னத்திலும் ஒன்று விட்டாள். பரிசோதகரின் கார் வாசலில் நின்றது. முழங்கால் வலிக்காரர் அன்று ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் வைத்தியம் பலித்துவிட்டது என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மறுநாள் வரை படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். கடுகு தம்பியை வார்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவன் தலை குனிந்து நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் அணைந்திருந்தது.

அப்போதுதான் டாக்டர், தையல்காரியின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர் தேனீப் பெட்டிகளில் வேலை செய்வாரா என்று கேட்டார். பக்கத்திலேயே போகமாட்டாள் என்றாள் கடுகு.

"அப்போ நீங்க போட்டுக்கற துணியெல்லாம் யார் துவைக்கறாங்க?"

கடுகு தையல்காரியின் விரல்களைப் பார்த்தாள். கடுகின் தடித்த வெள்ளைச் சட்டை, கையுறை, வலைத்தொப்பி எல்லாவற்றையும் பல வருஷமாகத் தையல்காரிதான் துவைக்கிறாள். தேனீக்கள் கூட்டில் பூசும் பிசின் கறை லேசில் போகாது, கையால் கசக்கித் தேய்க்க வேண்டும். துணியைப் பற்றித் தெரிந்தவள் அவள், ஆகவே துணி அவள் வேலை என்று கடுகு வைத்துக்கொண்டாள், கேட்டதுகூட இல்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். துணியிலும் கையுறையிலும் கொடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும், கசக்கும்போது விரலில் குத்தும். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேனீ வளர்க்கும் வீடுகளில், பெட்டியைத் தொடாத ஆட்களுக்கும் இந்த ஒவ்வாமை வந்து பார்த்திருக்கிறோம்.

கடுகுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது, அதுதான் அவளைக் குத்திக் கிழித்தது. கை அரிக்கிறது அக்கா, கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை என்று தையல்காரி இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறாள். தேனடையைப் பார்த்துக்கொண்டிருந்த கடுகு, தலையைக்கூடத் திருப்பாமல், தேனைத் தடவு, சரியாகிவிடும் என்றாள். ஊரையெல்லாம் திட்டிய வாய் அது.

மைக்செட்டுக்கு உயிர் வந்துவிட்டது.

"பாத்தியாக்கா. உன் துணியாலதான் எல்லாம். என்னைப் போட்டு அடிச்சியே."

"துணி என்னோடது. கையைப் புடிச்சு வெச்சது நீ."

"ஆரம்பிச்சது யாரு?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

குரல் கட்டிலிலிருந்து வந்தது. கரகரப்பாக, பாதி காற்றாக வந்தது. தையல்காரி காற்றுக்குழாயை ஒரு கையால் விலக்கிப் பிடித்திருந்தாள். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த கோபம் மொத்தமும் அந்த முகத்தில் இருந்தது. கடுகின் கோபமெல்லாம் அதன் முன்னால் வெறும் சத்தம்.

"வேண்டாம்னு கையை இழுத்தேன், சிரிச்சீங்க. அரிக்குதுன்னு சொன்னேன், தேன் தடவச் சொன்னீங்க. நான் அந்த வீட்டுக்கு வரணும்னா ஒரு பெட்டிகூட அங்க இருக்கக் கூடாது."

மைக்செட் பிழைப்பு என்று ஏதோ முனகினான். கடுகு சரி என்றாள்.

"சரின்னு சொல்லாதீங்க. எடுத்துட்டு வந்து சொல்லுங்க."

ஊருக்கு வெளியே பழத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பெட்டிகளைத் தன் மரங்களுக்கு நடுவே வைக்கச் சொல்லி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும் என்று கடுகு தட்டிக்கழித்துவந்தாள். அன்றே அவரிடம் வண்டி கேட்டாள். வெயில் தாழ்ந்து தேனீக்கள் திரும்பியதும் ஒவ்வொரு பெட்டியின் வாயையும் அடைத்தாள். தம்பி ஒரே ஒரு பெட்டியை மட்டும் விட்டுவைக்கலாமா என்று இழுத்தான். தூக்கு என்றாள். வலைத்தொப்பி கேட்டான். தூக்கு என்றாள். சுமந்து முடிப்பதற்குள் கழுத்தில் இரண்டு கொட்டு வாங்கினான், இனி ஆயுசுக்கும் உனக்குக் கழுத்து வலி வராது போ என்றாள் கடுகு. தோட்டத்தில் இறக்கிவைத்த கையோடு, அதே வண்டியில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டாள்.

பார்வை நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வேகமாக வார்டுக்குள் ஒரு காலை வைத்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த தையல்காரி அவளைப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினாள்.

"அங்கயே நில்லுங்க."

கடுகு குனிந்து தன்னைப் பார்த்தாள். அதே வெள்ளைச் சட்டை. இடுப்பில் செருகிய கையுறை. முழங்கை மடிப்பில் நசுங்கிப்போன ஒரு தேனீ.

வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதைத் துடைக்கக்கூட அந்தக் கையைத் தூக்கப் பயந்தாள். வாசலுக்கு வெளியே நின்றபடி, வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

"எடுத்தாச்சு. ஒண்ணுகூட இல்ல. இந்தத் துணியை இனி நானே துவைச்சுக்கறேன்."

தையல்காரி போர்வையை இறக்கவில்லை.